எல்லாம் எழுதறதுக்கு ஆகும்

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய் அவளிடம் காட்டுவார்கள். அவள் உடனே போன் போட்டு, "அக்கா, மூணாவது பத்தி இழுக்குது, அதைக் கொஞ்சம் முன்னாடி கொண்டு வாங்க" என்பாள். அந்தத் தலைவலி எனக்கு வேண்டாம். பட்டது போதும்.

திருவண்ணாமலையில் போளூர் ரோட்டில் நான் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். அவள் என்னிடம் மூன்று வருடம் டிசைன் வேலை பார்த்தாள். பார்த்தாள் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன்.

கொரோனா முடிந்து, தள்ளிப்போட்ட கல்யாணமெல்லாம் வரிசைகட்டி நடந்த சமயம் அது. எனக்கு ஆள் கிடைக்காமல் நாய் படாத பாடு. அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் பழைய ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பி.காம் முடித்திருந்தாள், கம்ப்யூட்டர் தெரியும் என்றாள். வேறு என்ன தெரியும் என்று கேட்டேன்.

"காமெடி எழுதுவேங்க."

"இங்க காதுகுத்து பேனர் அடிக்கறோம்மா."

"பரவால்லங்க. அதுவும் எழுதறதுக்கு ஆகும்."

அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை அப்புறம் மூன்று வருடம் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போனது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சென்னையில் டிவி காமெடி நிகழ்ச்சிகளுக்கு எழுதுகிற குழு ஒன்று இருந்தது. அதில் ஒரு நாற்காலி. "பத்து பேரு ஒரு ரூம்ல உக்காந்து சிரிப்பு எழுதறாங்களாம்க்கா. சம்பளம் குடுத்து எழுதச் சொல்றாங்களாம்" என்று கோயில் கோபுரத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வாள். அங்கே போவதற்கு முன்னால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது, எப்படிச் செத்துப்போகிறது என்று எல்லாப் பக்கமும் நின்று பார்த்துவிட வேண்டுமாம். அந்தப் பார்வைக்கெல்லாம் லீவு கொடுத்தது நான்.

முதல் நான்கு மாதம் நன்றாகத்தான் போயிற்று. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் தனியாக ஒரு பேனர் வைப்பார்கள். வாழ்த்து என்ற பெயரில் அவனை ஓட்டுவதற்காக வைப்பது. எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி நாலு வரி வைத்திருப்போம், சிங்கம் சிக்கிக்கொண்டது, ஆடு வெட்டப்பட்டது என்று. இவள் அந்தப் பையன்களை உட்காரவைத்து, மாப்பிள்ளை என்ன சாப்பிடுவான், யாரிடம் அடி வாங்கினான், பத்தாவது பரீட்சையை எத்தனை தரம் எழுதினான் என்று அரைமணி நேரம் விசாரிப்பாள். பிறகு ஒரே ஒரு வரி எழுதுவாள். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் பையன்கள் என் கடையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நானும் வாயெல்லாம் பல்லாக இருந்தேன்.

அப்புறம்தான் ஆட்டம் ஆரம்பமாயிற்று. ஒரு இசைக்குழுவோடு சேர்ந்து ரிசப்ஷன் மேடையில் மைக் பிடித்துப் பேசப் போகிறேன் என்றாள். போனாள். ஐந்து கல்யாணத்தில் பேசினாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆறாவது கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை கடைக்கு வந்தவள் முகத்தில் வருத்தம் மருந்துக்கும் கிடையாது.

"பந்திக்கு முன்னாடி எவனும் சிரிக்கமாட்டான்க்கா. எலை போட்டுட்டாங்களானு ஒரு கண்ணு அங்கயே இருக்கும். சாப்பிட்டு வந்தவன் எதுக்கு வேணா சிரிக்கறான்."

"அதுக்கு ஏண்டி அஞ்சு கல்யாணம்?"

"ஒரு கல்யாணத்த வெச்சு முடிவு பண்ணக்கூடாதுக்கா."

அடுத்து பட்டிமன்றம். ஊர்த் திருவிழாவில் மூன்றாவது பேச்சாளர். அங்கே முன்வரிசைப் பெண்கள் நகைச்சுவை முடிவதற்கு முன்பே சிரித்துவிடுகிறார்கள் என்றும், ஆண்கள் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்றும் கண்டுபிடித்து வந்தாள். அதற்கப்புறம் வேங்கிக்காலில் யூடியூப் வீடியோ எடுக்கிற நான்கு பையன்களோடு சேர்ந்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண், நரைமுடி வைத்து மாமியாராக நடித்தாள். நடிப்பு வரவில்லை என்று அவர்களே கேமராவுக்குப் பின்னால் தள்ளினார்கள். கேமராவும் ஆடியது. எடிட்டிங்கில் உட்காரவைத்தார்கள். போகிற இடமெல்லாம் தோற்றுவிட்டு, சுவரில் அடித்த பந்து மாதிரி என் கடைக்கே வந்து சேர்வாள். "இதுவும் எழுதறதுக்கு ஆகும்க்கா." அடப்போடி என்றிருக்கும் எனக்கு.

எடிட்டிங் கற்றுக்கொண்டு வந்ததுதான் பெரிய கூத்து. சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு நொடி சும்மா விடவேண்டும் என்று எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். இவள் அதை பேனரில் செய்தாள். லாரி வைத்திருக்கிற ஒருவர் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்துக்கு எட்டு அடியில் பேனர் சொல்லியிருந்தார். வந்து விரித்துப் பார்க்கிறார். மேலே "பங்காளிகள் அனைவரும் வருக" என்று இருக்கிறது. அப்புறம் நடுவில் அரை பேனர் வெறும் மஞ்சள். கீழே, "பழைய சண்டையைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வரவும்."

"இன்னாமா இது, நடுவுல மொட்டையா கீது?"

"அங்கதான் சார் அவங்க மூச்சு வாங்குவாங்க" என்றாள் இவள்.

"நான் முழு பேனருக்கு ஆர்டர் குடுத்தேம்மா."

நான் குறுக்கே புகுந்து, வேறு அடித்துத் தருகிறேன் சார் என்று கெஞ்சினேன். நேரமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனார். அவரோடு நான்கு வருடமாகப் பேசாத தம்பி அந்த பேனருக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டானாம். அடுத்த வாரம் வந்து, மகள் கல்யாணத்துக்கும் அந்தப் பெண்ணையே எழுதச் சொல்லுங்கள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. தப்பு செய்தால் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ள வேண்டாமா ஒருத்தி?

மாட்டிக்கொள்ள இருந்தது ஒரே ஒரு தடவை. ரிட்டயரான கண்டக்டர் ஒருவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் போட்டு பேனர் வேண்டும் என்று மூத்த மகன் வந்தான். ஆழ்ந்த இரங்கலுடன் என்று போடு, ஆணியே பிடுங்க வேண்டாம் என்று இவளிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு பேங்குக்குப் போனேன். திரும்பி வந்தால் கடையில் சத்தம். இவள் எழுதியிருந்தது இதுதான்: "முப்பது வருடம் எல்லோரையும் முன்னாடி போங்க, முன்னாடி போங்க என்றவர், இன்று நமக்கு முன்னால் போய்விட்டார்."

மகன் குதித்தான். எங்கப்பன் சாவு உங்களுக்கு விளையாட்டா என்றான். நியாயம்தானே? நான் அவன் காலில் விழாத குறை. ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அவனுடைய அம்மா இறங்கி வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இவள் படித்துக் காட்டினாள். இன்னொரு தரம் படி என்றார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் அழுதார். "வூட்லயும் இதான் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு, அந்த பேனரையே கட்டச் சொன்னார். இவள் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் நோட்டை வைத்து, சிரிப்பு முதலில் வந்ததா அழுகை முதலில் வந்ததா என்று எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. மனுஷ ஜென்மம்தானா என்று நினைத்தேன்.

கிரிவலம் விஷயம் இன்னும் மோசம். நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுவேன். சாயங்காலம் நான்கு மணிக்குக் கிளம்பினால் கூட்டம் கம்மி. ஒரு மாதம் நானும் வரேன் என்று ஒட்டிக்கொண்டாள். சரி, பெண்ணுக்குப் பக்தி வந்துவிட்டது என்று நம்பினேன். பாதி தூரம் போனதும் போனைக் காதில் வைத்து யாரிடமோ கதை சொல்ல ஆரம்பித்தாள். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. முன்னால் போகிற வெளியூர் கும்பலுக்குக் கேட்கிற மாதிரி சொல்வது, அவர்கள் நடை மெதுவாகிறதா என்று பார்ப்பது. மெதுவானால் நகைச்சுவை நன்றாக இருக்கிறது. வேகம் பிடித்தால் அதை வெட்டிவிட வேண்டும். முகம் தெரியாத ஜனம் முகதாட்சண்யத்துக்குச் சிரிக்காதாம்.

அதோடு போனால் பரவாயில்லை. சொன்ன கதை என் கதை. என் வீட்டுக்காரர் ஒரு கல்யாண பேனரைத் தவறான மண்டபத்தில் கட்டிவிட்டு, வேறொரு மாப்பிள்ளையை ஊரே வாழ்த்தியதும், அன்றைக்கு நான் அவரைத் திட்டின திட்டும். நான் சொன்னது அவளை நம்பி, கடையில் டீ குடிக்கும்போது. இருபது பேர் எங்களைச் சுற்றி மெதுவாக நடந்தபடி சிரிக்கிறார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிவசிவா என்று நடக்கிறேன். சாமியிடம் என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. அன்றைக்கு அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவை மாதம் ஒரு தரம் எடுப்பேன்.

இப்போது என் யோக்கியதைக்கு வருகிறேன்.

மூன்றாவது வருடம் அந்தச் சென்னைக் குழுவுக்கு எழுதி அனுப்பியிருந்தாள். வீட்டில் அவள் பேங்க் பரீட்சைக்குப் படிப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் போனை ஆளுக்கு ஆள் எடுப்பார்கள். அதனால் கடை நம்பரைக் கொடுத்திருந்தாள். தினம் காலையில் வந்ததும், "சென்னைலேர்ந்து போன் வந்துச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பாள்.

போன் வந்தது. கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் இருந்தது, புதன்கிழமை. எங்கள் ஊரில் தீபம் என்றால் பேனர் கடைக்குச் சோறு தண்ணி கிடையாது. அன்னதானம் போடுகிறவர், லாட்ஜ்காரர், வண்டி நிறுத்துமிடம், வருக வருக என்று நூற்று முப்பது பேனர் பாக்கி. இவள் உள்ளே மெஷினில் ரோல் மாற்றிக்கொண்டிருந்தாள்.

போனில் ஒரு ஆள் பொறுமையாகப் பேசினார். எழுதினது பிடித்திருக்கிறது, நான்கு பேரைக் கூப்பிட்டிருக்கிறோம், ஒருத்தரைத்தான் எடுப்போம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொல்லுங்கள் என்றார். வெள்ளிக்கிழமையா, பத்து மணிக்கா என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். சொல்லிவிடுகிறேன் என்றேன். போனை வைத்தேன்.

கையில் மையோடு வெளியே வந்தாள். "யாருக்கா போன்ல?"

"லாட்ஜ்காரரு" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. தீபம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், அவர்களிடம் வேறு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஒருத்தரைத்தான் எடுப்பார்கள் என்று அந்த ஆள் சொன்னது காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை பத்து மணி அடித்தபோது அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து, அன்னதான பேனரில் சாம்பார் வாளி படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன். சனிக்கிழமை என் வீட்டுக்காரர், ஏன் சாப்பிடமாட்டேங்கிறே என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். ஊரே கைகூப்பி அரோகரா என்றது. எனக்கு வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"சென்னைலேர்ந்து போன் வந்துச்சுடி. புதன்கிழமையே. வெள்ளிக்கிழமை வரச்சொன்னாங்க. நான் மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

அவள் பார்த்த பார்வையில் அந்தப் பொய்யைத் தொடர முடியவில்லை. "இல்ல. தெரிஞ்சேதான் சொல்லல. பேனர் கெடந்துச்சு. நீ போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

கத்துவாள், அழுவாள், எதையாவது எடுத்து வீசுவாள் என்று காத்திருந்தேன். அந்த மகராசி நோட்டை எடுத்தாள். "போன வெச்சதும் மொதல்ல இன்னா நெனச்சீங்க? லாட்ஜ்காரருனு சொன்னீங்களே, அது யோசிச்சு சொன்னீங்களா, வாயில வந்துச்சா?" என்று கேட்டு எழுத ஆரம்பித்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"உன் வாழ்க்கைய கெடுத்துட்டு நிக்கறேன், நீ நோட்டு எழுதற. திட்டித் தொலையேன்டி."

"திட்றது எதுக்குக்கா? போன் போடுங்க. எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுங்க."

போட்டேன். அதே ஆள் எடுத்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மனசில் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"சார், நான் திருவண்ணாமலை பேனர் கடை. அந்தப் பொண்ண வெள்ளிக்கிழமை வரச்சொன்னீங்க. நான் அவகிட்ட சொல்லல சார். மறக்கல, வேணும்னேதான் சொல்லல. நூத்தி முப்பது பேனர் சார். அன்னதானத்துக்கு மட்டும் நாப்பது. ஊரே சோறு போடுது, ஆனா பேனர் இல்லாம ஒருத்தனும் கரண்டியத் தொடமாட்டான். இவள நல்ல வேலைக்காரினு நெனச்சுடாதீங்க. பாதி பேனர சும்மா வுடுவா. கேட்டா மூச்சு வாங்கணும்பா. சாவு வூட்டு பேனர்ல சிரிப்பு எழுதி எனக்கு அடி வாங்கி வெக்கப் பாத்தா. கிரிவலத்துல என் புருஷன் மானத்த வாங்கினா. மாசத்துக்கு ஒரு வேலைக்குப் போவா, எல்லாத்துலயும் தோத்துட்டு இங்கயே வருவா. இவளால எனக்கு ஒரு பிரயோஜனமும் கெடயாது சார். ஆனா இவ இல்லனா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அதான் சொல்லல. தப்பு என்னுது. தண்டனைய அவளுக்குக் குடுத்துடாதீங்க."

அந்தப் பக்கம் ஏதோ கொறகொறவென்று கேட்டது. அந்த ஆள் சிரிக்கிறார். நடுவில் எப்போதோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டிருக்கிறார் போலிருக்கிறது, ஏழெட்டுப் பேர் சிரிக்கிற சத்தம். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், அவர்கள் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார்கள்.

"மேடம், பிரமாதமா பேசறீங்க" என்றார் மூச்சுவாங்க. "இதை அந்தப் பொண்ணுதானே எழுதிக் குடுத்துச்சு?"

நான் அவளைப் பார்த்தேன். போனில் பேசியது அவளுக்கும் கேட்டிருக்கிறது, எதிரில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவளுக்காக உருப்படியாக ஒன்றும் செய்யாதவள் நான். இதையாவது செய்யலாம் என்று தோன்றிவிட்டது.

"ஆமா சார். அவதான் எழுதினா" என்றேன்.

மறுநாளே வரச்சொன்னார்கள். போய்விட்டு வந்தாள். அந்த ஒரு இடம் இன்னும் நிரம்பாமல் இருந்ததாம். எடுத்துக்கொண்டார்களா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டார்கள் என்றாள், ஆனால் முகம் சரியில்லை.

"அது நான் எழுதலனு சொல்லிட்டேன்க்கா. எங்கக்கா நெஜமாவே பேசினதுனு தலையில அடிச்சு சொன்னேன். ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க."

"அப்பாடா, உன்னையும் நம்பாம ஒரு கூட்டம் இருக்குது" என்றேன்.

வீட்டில் சொல்லி, அழுது, சமாதானமாகி, அடுத்த திங்கட்கிழமை கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை நெஞ்சிலேயே கிடந்தது.

"போறதுக்குள்ள ஒரு வார்த்த என்னத் திட்டிட்டுப் போடி. எனக்கு மனசே ஆறல."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? அவ்வளோ பெரிய விஷயத்த மறைச்சனே."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அவள் தலையை வெளியே நீட்டினாள். "நீங்க போன்ல பேசினது உள்ள எனக்குக் கேட்டுச்சுக்கா. வெள்ளிக்கிழமையா, பத்து மணிக்கானு நாலு தரம் கேட்டீங்க."

"கேட்டுச்சா? அப்புறம் ஏண்டி போகல?"

"நான் போயிட்டா அத்தன பேனர யாருக்கா அடிப்பாங்க?"

பஸ் நகர்ந்துவிட்டது. நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தீபத்தைப் பார்த்துக் கும்பிட முடியவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, தன் வெள்ளிக்கிழமையைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சாம்பார் வாளியைப் பெரிதாக்கியிருக்கிறாள். அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு பொண்ணாடி, ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போகும் என்று பஸ்ஸுக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டு வாசல்வரை நடந்தேன். ஜனம் திரும்பிப் பார்த்தது. பஸ் மறைந்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா அது, ஒம் பொண்ணா? இந்தத் திட்டு திட்டற?"

"இல்லம்மா, என் கடையில வேலை செய்யற பொண்ணு" என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.